சிறுநீரகம் கெடாமல் காக்க
மாத்திரைப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். மூட்டுவலிக்குக் கடையில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. வெயிலில் வேலை செய்து உடம்பு வறண்டிருக்கும்போதோ வயிற்றுப்போக்கின்போதோ விழுங்கினால் சில நாட்களிலேயே பாதிப்பு வரலாம். மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், சுமார் ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போகுமளவு தண்ணீர் போதும்.

சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) சரியாக இருக்கிறதென்று நிம்மதியடையாதீர்கள். பெரும்பாலும் பாதித் திறன் போன பிறகே அது ஏறும். ஆண்டுக்கொருமுறை சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள்; அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறதா என்று காட்டும் பரிசோதனை இது. கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் 3 மாதத்துக்குள் மறுபடி பரிசோதியுங்கள்.