பின்லாந்து லாப்ஹண்ட்: குட்டியின் அழகில் மயங்கிச் செய்யும் தவறுகள்

கரடிக்குட்டி போல முகம், முதுகில் சுருண்டு கிடக்கும் வால், ஆளைக் கண்டதும் காதை மடக்கிக் குழைந்து வரும் குணம். பின்லாந்து லாப்ஹண்டைப் பார்த்து ஆசைப்படாதவர் குறைவு. ஆனால் இது ஐரோப்பாவின் வடகோடியான லாப்லாந்தில் வாழும் சாமி எனும் பழங்குடி மக்கள் ரெயின்டீர் எனும் துருவ மான்களை மேய்க்க வளர்த்த நாய். வாங்குகிறவர்கள் அந்த மானை மறந்துவிடுகிறார்கள்.

குரைப்பை அடியோடு நிறுத்தப் பார்ப்பது முதல் தவறு. மந்தையை இது குரைத்துத்தான் ஓட்டியது. "போதும்" என்றதும் அடங்கினால் தின்பண்டம் என்று குட்டியிலேயே பழக்கினால் குரைப்பு குறையும், அற்றுப்போகாது. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

அடுத்ததுதான் என்னை மிகவும் வருத்துவது. சமையலறையில் ஒரு கரண்டி விழட்டும், லாப்ஹண்ட் சட்டென்று துள்ளி விலகும். மறுநொடியே திரும்பி வந்து அந்தக் கரண்டியை மோந்து பார்க்கும். மானின் உதைக்கும் கொம்பு வீச்சுக்கும் தப்பிப் பிழைத்த பரம்பரையின் அனிச்சை அது. இதைக் கோழைத்தனம் என்று நினைத்து அதட்டித் தைரியம் ஊட்டப் பார்க்கிறார்கள். உரத்த குரலுக்கே சுருண்டுவிடும் நாய் இது. அதட்டினால் உண்மையிலேயே பயந்த நாயாகிவிடும்.

கோடையில் முடியை மழித்துவிடாதீர்கள். மேல்முடி வெயிலையும் மழையையும் தடுக்கிறது. உதிர வேண்டியது உள்முடி. அது உதிரும் வாரங்களில் தினமும் சீவி எடுத்தால் போதும். அப்போது வீடெங்கும் பஞ்சு பறக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

பனிநாட்டு நாய்தானே என்று கொல்லையில் தனியே கட்டிப்போடுவதும் கொடுமை. இது மனிதரை ஒட்டியே வாழ்ந்த இனம். ஹஸ்கி நாய் போலப் பனிவண்டி இழுக்கப் பிறந்ததும் அல்ல. ஆண் நாயின் உயரமே 49 செ.மீ. அளவில்தான், பெண் 44.

பெயரிலும் குழப்பம் உண்டு: லாப்ஹண்ட் வேறு, லாப்லாந்து மேய்ப்பு நாய் வேறு. குட்டைமுடி கொண்ட அந்த மேய்ப்பு நாய் 1960களில் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு ஓட்டமும் வேலையும் இன்னும் அதிகம் தேவை.

கடைசியாக, தாய் தந்தையின் கண் பரிசோதனைச் சான்றைக் கேட்காமல் குட்டி எடுக்காதீர்கள். விழித்திரை மெல்ல மெல்லச் சிதைந்து பார்வை போகும் பரம்பரை நோய் இந்த இனத்தில் உண்டு. நோய்க்கான மரபணுவைத் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற நாய் நன்றாகவே பார்க்கும். தாய், தந்தை இரண்டிடமும் அந்த மரபணு இருந்தால்தான் குட்டிக்கு ஆபத்து. மரபணுச் சோதனையில் இது தெரிந்துவிடும். சான்றைக் காட்டத் தயங்குகிறவரிடம், குட்டி எவ்வளவு கொஞ்சினாலும், எழுந்து வந்துவிடுங்கள்.