குழந்தைகளோடு முதல் முறை கூடாரத்தில் தங்குவது எப்படி: போச்சம்பள்ளி மாந்தோப்பில் கற்றுக்கொண்டது

போன அரையாண்டு விடுமுறையில் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சித்தப்பாவின் மாந்தோப்பில் இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கினோம். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. முதல் ராத்திரி மூன்று மணிக்குச் சின்னவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன். மறுநாள் அதே கூடாரத்தில் ஆறரை வரை அசையாமல் தூங்கினான். இரண்டு ராத்திரிக்கும் நடுவில் நாங்கள் மாற்றியது, அவனுக்குக் கீழே விரித்ததையும் கூடாரம் நின்ற இடத்தையும்தான். அதனால் இந்த விளக்கத்தில் தரையைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். கூடாரத்தை எப்படிப் பிரித்து நிறுத்துவது என்பது பையோடு வரும் தாளிலேயே படமாக இருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

முதல் படி: காடு வேண்டாம், தோப்பு போதும்

கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்குக் கூடாரம் என்றதும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைகள்தான் நினைவுக்கு வரும். குழந்தைகளோடு முதல் முறை என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம். அங்கே பெரும்பகுதி காப்புக்காடு. 2014-ல் காவேரி வடக்கு சரணாலயமும் 2022-ல் காவேரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே தங்குவது குற்றம். காட்டோரத்துப் பட்டா நிலமும் சரிவராது. கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைகள் கொல்லைக்கு இறங்கும். நாம் குளிர்காலம் பார்த்துக் கிளம்புவதும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான்.

ஒகேனக்கல் ஆற்றோரமும் வேண்டாம். இங்கே ஒரு துளி மழை இல்லாவிட்டாலும் கர்நாடகத்தில் அணை திறந்தால் காவிரியில் தண்ணீர் ஏறும். மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் அளந்து இத்தனை ஆயிரம் கனஅடி என்று செய்தியில் சொல்கிறார்களே, அதுதான். முதலையும் உண்டு. பகலில் போங்கள், மீன் சாப்பிடுங்கள், இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.

தெரிந்தவர்களின் தோப்போ கொல்லையோ போதும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீடு இருக்க வேண்டும். எனக்கு இது ஒன்றுதான் கட்டாய நிபந்தனை. எங்கள் கூடாரத்திலிருந்து சித்தப்பா வீட்டுக்கு நடந்தால் நாலு நிமிடம். அந்த வீடு இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

மாந்தோப்பு என்றால் மாதத்தைக் கவனியுங்கள். தை மாதம் பூ எடுத்ததும் மருந்து அடிப்பார்கள், குழந்தைகள் அந்தப் பக்கமே போகக்கூடாது. காய்க்காலத்தில் பல தோப்புகள் குத்தகைக்குப் போயிருக்கும், ராத்திரிக் காவலுக்கு ஆள் இருப்பார்கள். டிசம்பர் கடைசி வாரம் எங்களுக்குத் தோதாக இருந்தது. எப்படியும் தோப்புக்காரரிடம் "மருந்து எப்போது அடித்தீர்கள்?" என்று கேட்டுவிட்டே போங்கள்.

இரண்டாவது படி: வீட்டில் ஒரு ஒத்திகை, ஆனால் மொட்டை மாடியில் வேண்டாம்

நாங்கள் தவறியது இங்கேதான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மொட்டை மாடியில் கூடாரத்தை நிறுத்தி நாலு பேரும் தூங்கிப் பார்த்தோம். கோரைப் பாய், அதன் மேல் ஒரு போர்வை, போர்த்திக்கொள்ள ஆளுக்கு ஒரு கம்பளி. குழந்தைகள் ராத்திரியில் கம்பளியை உதைத்துத் தள்ளினார்கள். சரி, குளிர் ஒரு பிரச்சினையே இல்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மாடித் தளம் பகல் முழுக்க வெயில் குடித்திருக்கிறது. ராத்திரி அந்தச் சூட்டைத்தான் எங்கள் முதுகுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. தோப்பு மண் அப்படி இல்லை. ஒத்திகை பார்ப்பதென்றால் மண் தரையில் பாருங்கள். வீட்டு முன்வாசல், கொல்லைப்புறம், ஊரில் அம்மா வீட்டுக் களம் என்று எதுவானாலும் சரி. மாடியில் தூங்கினால் குழந்தைகளுக்குக் கூடாரம் பழகும், அந்த ஒரு பலன்தான்.

மூன்றாவது படி: தரை

தோப்பில் போய் இறங்கியதும் முளை எங்கே சுலபமாக இறங்குகிறதோ அங்கே கூடாரத்தைப் போட்டோம். ஓரத்தில் ஒரு இடத்தில் மண் வெண்ணெய் மாதிரி இருந்தது. கல்லால் இரண்டு தட்டு, முளை உள்ளே. பக்கத்து அவரைக் கொல்லைக்கு முந்தின நாள் பாய்ச்சிய தண்ணீர் வரப்புக்கு இந்தப் பக்கம் கசிந்திருக்கிறது, அதனால்தான் அந்த மென்மை. மேல்மண் காய்ந்து கிடந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை.

ராத்திரி மூன்று மணிக்குச் சின்னவன் முனகினான். கையை வைத்துப் பார்த்தேன். கம்பளிக்குள் அவன் வயிறு கதகதப்பாக இருந்தது. காய்ச்சலும் இல்லை. ஆனாலும் கால்களை மடக்கி நடுங்கிக்கொண்டிருந்தான். இன்னொரு போர்வை எடுத்து மேலே போர்த்தினேன், நடுக்கம் நிற்கவில்லை. அவனைப் புரட்டலாம் என்று முதுகுக்கும் பாய்க்கும் நடுவே கையை விட்டேன். சில்லென்று இருந்தது. சட்டை முதுகுப் பக்கம் ஈரமோ என்று சந்தேகப்படும் அளவுக்குக் குளிர்ச்சி.

காலையில் சித்தப்பா பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கீழ ஒண்ணுமே போடலியேம்மா. மேல எத்தன போத்தினாலும் பூமி இழுத்துக்கும்."

அதுதான் விஷயம். போர்வை தானாகச் சூடு தராது, தனக்குள் நிற்கும் காற்றால்தான் நம் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. நாம் மேலே படுத்ததும் கீழ்ப் போர்வை நசுங்கி அந்தக் காற்று போய்விடும். பிறகு உடம்புச் சூடு நேராக மண்ணுக்குப் போகும். ஈர மண் என்றால் இன்னும் வேகமாக இழுக்கும். சின்னக் குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம் என்பதால் நமக்கு முன்னால் அவர்கள் குளிர்ந்துவிடுவார்கள். பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அன்று அவ்வளவாகக் குளிரவில்லை.

இரண்டாவது ராத்திரி செய்தது இது. கூடாரத்தை மேட்டுப் பக்கம் மாற்றினோம். அங்கே முளை இறங்கவே சிரமப்பட்டது, ஆனால் மண் உலர்ந்திருந்தது. ஒரு சாண் தோண்டி உள்ளங்கையில் மண்ணை அழுத்திப் பாருங்கள், உருண்டை பிடித்தால் அந்த இடம் வேண்டாம். கூடாரத்துக்குக் கீழே தார்ப்பாய். அது கூடாரத்துக்கு வெளியே ஒரு விரல்கூட நீளக்கூடாது, நீண்டால் பனியும் மழையும் அதில் விழுந்து அடியில் ஓடிவரும். உள்ளே முதலில் கோரைப் பாய், அதன் மேல் நுரை விரிப்பு, அதன் மேல் மடித்துப் போட்ட ஜமக்காளம், அப்புறம்தான் குழந்தை. நுரை விரிப்புக்கு யோகா மேட்டே போதும், ஆறு மில்லிமீட்டர் என்றால் இரண்டாகப் போடுங்கள்.

காற்றடைக்கும் மெத்தையைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. உள்ளே இருக்கும் காற்று அசைந்துகொண்டே இருப்பதால் குளிர் மேலே வந்துவிடும், குழந்தை புரண்டால் பக்கத்தில் படுத்திருப்பவரும் எழுந்துவிடுவார். ஜமக்காளமும் பாயும் நம் வீட்டிலேயே இருக்கும்போது அதற்குக் காசு போடத் தேவையில்லை.

நான்காவது படி: மூச்சு விடும் கூடாரம்

குளிருக்குப் பயந்து ஜன்னல், மேல்வாய் எல்லாவற்றையும் இழுத்து மூடாதீர்கள். நாலு பேர் விடும் மூச்சில் உள்ள ஈரம் குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகி விழும். விடியற்காலை என் கண்ணிமையில் ஒரு சொட்டு விழுந்தபோது கூடாரம் ஒழுகுகிறது என்றே நினைத்தேன். வலை ஜன்னலைப் பாதி திறந்து வையுங்கள், வெளித் துணி உள் துணியைத் தொடாமல் விறைப்பாகக் கட்டுங்கள், போதும்.

கொசுவர்த்தி, கரி அடுப்பு, எரிகிற எதுவுமே கூடாரத்துக்குள் வரக்கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கொசுவுக்கு வலையும் முழுக்கைச் சட்டையும் போதும்.

ஐந்தாவது படி: பாம்பும் தேளும்

ஜிப்பை எப்போதும் கடைசி வரை இழுத்து மூடுங்கள். ஒரு சாண் திறந்து வைக்கும் பழக்கம் குழந்தைகளுக்கு வரக்கூடாது. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும், கடித்த இடம் பல நேரம் வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியலில் குழந்தை வயிறு வலிக்கிறது என்று சொல்லிக் கண்ணிமையும் தொங்கினால், கடி தெரியவில்லையே என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம்.

செருப்பை வெளியே விடாமல் ஒரு பையில் போட்டு உள்ளே வையுங்கள். காலையில் உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கட்டிய செவ்வெறும்புக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கூடாரம் போடுங்கள். தென்னை மரத்துக்கு அடியில் வேண்டவே வேண்டாம்.

மற்றவை

சாப்பாடு வீட்டிலிருந்தே புளிசோறு. அங்கே போய் பச்சை அவரைக்கொட்டையை மட்டும் வேக வைத்தோம். சருகைப் பெருக்கித் தள்ளிவிட்டு மூன்று கல் வைத்த அடுப்பு, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

டார்ச் ஆளுக்கு ஒன்று. தலையில் மாட்டும் டார்ச்தான் என் தேர்வு. ராத்திரி சிறுநீருக்குக் குழந்தையைக் கூட்டிப்போகும்போது இரண்டு கையும் வேண்டும். எட்டரைக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு மேலே பார்க்கச் சொன்னேன். ஆறாமீன் (கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்) கிட்டத்தட்ட தலைக்கு மேல் நின்றது. பெரியவள் ஆறு எண்ணினாள், சின்னவன் "நிறைய" என்றான்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் சிலர் வைக்கோல் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். போடலாம், ஆனால் கூடாரத்துக்குள் வேண்டாம், தார்ப்பாய்க்கு அடியில் பரப்புங்கள். உலர்ந்த வைக்கோலாக எடுத்து, வெயிலில் நன்றாக உதறிய பிறகு போடுங்கள். போரின் அடியிலிருந்து உருவிய வைக்கோலில் தேள் இருக்கும். அடுப்பை அதிலிருந்து முப்பது அடியாவது தள்ளி வையுங்கள்.

இன்னொன்று: ஓசூர், தளி பக்கத்திலிருந்து ஒருவர், இதே போல் விரித்தும் குளிர்ந்தது என்று எழுதியிருந்தார். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எங்கள் தோப்பு அதில் பாதி உயரம்தான் இருக்கும். அங்கே மார்கழி, தை என்றால் நுரை விரிப்பு மூன்றாகப் போடுங்கள், தலைக்குக் குல்லா, காலுக்கு உலர்ந்த சாக்ஸ். பகலில் போட்டுத் திரிந்த சாக்ஸ் வேர்வை ஈரத்தோடு இருக்கும், படுக்கும் முன் மாற்றிவிடுங்கள். பத்து மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை குழந்தையின் முதுகுக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் விடியும்வரை பொறுக்காமல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.