சோலார் கண்காணிப்பு மென்பொருளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மொட்டை மாடியில் சோலார் போட முடிவெடுப்பவர்கள், பேனல் எத்தனை வாட், பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் எந்த நிறுவனம், 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் மானியம் எப்போது கணக்கில் ஏறும் என்பதையெல்லாம் நாலு பேரிடம் விசாரித்துவிடுகிறார்கள். ஆனால் போட்ட அமைப்பு தினமும் ஒழுங்காக ஓடுகிறதா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது, ஓடாவிட்டால் யாரை அழைப்பது என்ற கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மின் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்று வைத்துக்கொண்டாலும், ரீடிங் எடுத்த மறுநாளே நின்றுபோன 3 கிலோவாட் அமைப்பு அடுத்த பில் வந்த பிறகுதான் நம் கவனத்துக்கு வருகிறது என்றால், அதற்குள் 700 யூனிட்டுக்கு மேல் கைவிட்டுப் போயிருக்கும். உற்பத்தியையும் பழுதையும் கைபேசியில் காட்டும் செயலியை, அதாவது கண்காணிப்பு மென்பொருளை, கொட்டேஷனின் கடைசி வரியில் வரும் இலவசப் பொருளாக நினைப்பதே முதல் தவறு.

அடுத்தது, திரையின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. குரோவாட், சன்குரோ, என்ஃபேஸ், சோலார்எட்ஜ் என்று எந்த நிறுவனத்தின் செயலியைத் திறந்தாலும் இன்றைய உற்பத்தி, இந்த மாத உற்பத்தி என்ற எண்கள் பளிச்சென்று தெரியும். ஒப்பிட வேண்டியவை அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கின்றன. ஐந்து அல்லது பதினைந்து நிமிட இடைவெளியில் உற்பத்தி வரைபடம் கிடைக்கிறதா, பிழைப் பதிவுகள் நேரத்தோடு சேமிக்கப்படுகின்றனவா, பழைய தரவை நாமே தரவிறக்கிக்கொள்ள முடிகிறதா என்பவையே முக்கியம்.

இதன் அருமை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெரியும். பேனல்களை இணைக்கும் கனெக்டர் ஒன்று சரியாக இறுக்கப்படாமல் இருந்தால், இரவு மழையில் அதனுள் ஈரம் இறங்கிவிடும். இன்வெர்ட்டர் ஒவ்வொரு நாளும் காலையில் கம்பிகளின் மின்காப்பு (இன்சுலேஷன்) சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே வேலையைத் தொடங்கும். ஈரம் இருந்தால் தொடங்க மறுத்துக் காத்திருக்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும், ஒன்றும் நடக்காததுபோல் ஓட ஆரம்பிக்கும். மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவர், மேகமூட்டத்தால் உற்பத்தி குறைந்தது என்று எண்ணி விட்டுவிடுவார். வரைபடத்தைப் பார்ப்பவருக்கோ, ஆறரை மணியிலிருந்து மெல்ல ஏறியிருக்க வேண்டிய கோடு ஒன்பதரை மணிவரை தரையில் கிடந்து, பின்பு செங்குத்தாக எழும்பியிருப்பது தெரியும். மழை பெய்த மறுநாளெல்லாம் இதே வடிவம் வந்தால், அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலே போதும், வருகிற டெக்னீஷியன் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருவார்.

என் கணிப்பில் மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது. பொருத்த வருபவர் பெரும்பாலும் தன் நிறுவனத்தின் மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கி, வீட்டுக்காரருக்குப் பார்வையாளர் அனுமதி மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார். அன்றைக்கு அது வசதியாகத்தான் இருக்கும். மூன்று வருடம் கழித்து அந்த நிறுவனம் கடையை மூடிவிட்டாலோ, அங்கே வேலை பார்த்தவர் போய்விட்டாலோ, பழைய தரவும் எச்சரிக்கைச் செய்திகளும் யாரும் திறக்காத ஓர் அஞ்சல் பெட்டிக்குள் சிக்கிக்கொள்ளும். இன்வெர்ட்டர் நிறுவனத்தை அழைத்தால், பொருத்தியவர் மூலமாக வாருங்கள் என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. ஆகவே உரிமையாளர் கணக்கு உங்கள் மின்னஞ்சலிலும் கைபேசி எண்ணிலும் இருக்க வேண்டும், பொருத்தியவருக்குப் பராமரிப்பு அனுமதியை நீங்கள் கொடுப்பதாக இருக்க வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மானியத்தைத் தரும் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் பொருத்துபவர் ஐந்து ஆண்டுகள் பராமரிக்கக் கடமைப்பட்டவர். அந்தப் பராமரிப்பில், செயலியில் தரவு வராமல் போனால் சரிசெய்வதும் அடக்கமா என்று அதே தாளில் தெளிவாக எழுதச் சொல்வது நல்லது. வாடிக்கையாளர் சேவை எண்ணையும் வாங்குவதற்கு முன்பே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எடுக்கிறார்களா, தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்பது ஒரே அழைப்பில் தெரிந்துவிடும்.

எண்களைத் தவறாக ஒப்பிட்டு வீணாகச் சண்டை போடுபவர்களும் இருக்கிறார்கள். செயலி 14 யூனிட் உற்பத்தி என்கிறது. வீட்டுக்குள் வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் அளக்கும் மின்வாரியத்தின் நெட் மீட்டரில் ஏற்றுமதி 8 யூனிட்தான் ஏறியிருக்கிறது. மிச்சம் 6 யூனிட் எங்கே போயிற்று என்று கேட்கிறார்கள். பகலில் ஓடிய ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஏசியும் அந்த ஆறு யூனிட்டை மீட்டரைத் தொடுவதற்கு முன்பே எடுத்துக்கொண்டன என்பதுதான் விடை. இன்வெர்ட்டர் தனியாக உற்பத்தியை மட்டுமே அறியும். வீடு எவ்வளவு செலவழிக்கிறது என்பதையும் செயலி காட்ட வேண்டுமானால், மெயின் லைனில் தனியாக ஒரு மீட்டரோ கரன்ட் சென்சாரோ பொருத்த வேண்டும். ஒரு நிறுவனத்தின் செயலியில் செலவுக் கணக்கு தெரிகிறது, மற்றதில் தெரியவில்லை என்றால், வித்தியாசம் மென்பொருளில் அல்ல, அந்தக் கருவி கொட்டேஷனில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதில் இருக்கலாம். அதேபோல் பக்கத்து வீட்டு உற்பத்தியோடு ஒப்பிடும்போது மொத்த யூனிட்டை எடுக்காமல், ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை யூனிட் என்று வகுத்துப் பாருங்கள். நவம்பர் மாதத்தை ஏப்ரலோடு ஒப்பிடாதீர்கள்.

ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாகக் காட்டும் வசதிக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலோ தென்னை மரத்தின் நிழலோ பேனல்கள் சிலவற்றின் மேல் விழும் மாடிக்கு அது பயன்படும். நாள் முழுவதும் தடையில்லாமல் வெயில் விழும் மாடிக்கு அந்தப் பணம் அவசியமில்லை.

எச்சரிக்கைகளைப் பற்றியும் கேளுங்கள். பேட்டரி இல்லாத சாதாரண இன்வெர்ட்டர், மின்தடை ஏற்பட்டதும் லைன்மேனின் பாதுகாப்புக்காகத் தானாக நின்றுவிடும். அதையும் உண்மையான பழுதையும் ஒரே மாதிரி அறிவிக்கும் செயலி, நாளடைவில் எல்லா அறிவிப்பையும் தள்ளிவிடும் பழக்கத்தை உண்டாக்கிவிடும்.

இணைப்பு விஷயத்தில், தரவை இணையத்துக்கு அனுப்ப இன்வெர்ட்டரில் செருகும் சிறு கருவிகளான வைஃபை டாங்கிள்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை, ஆகவே ரவுட்டரில் அந்த அலைவரிசை இயங்க வேண்டும். ரவுட்டர் தரைத்தளத்துக் கூடத்திலும் இன்வெர்ட்டர் மாடிப்படி அறையிலும் இருந்தால், இரண்டு கான்கிரீட் தளங்களைத் தாண்டி சிக்னல் போய்ச் சேருமா என்பதைப் பொருத்தும் அன்றே கைபேசியை எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பாருங்கள். சிம் கார்டு வைத்த டாங்கிள் என்றால், இலவச டேட்டா எத்தனை ஆண்டு, அதன் பிறகு யார் ரீசார்ஜ் செய்வது என்று கேட்க வேண்டும். வைஃபை கடவுச்சொல்லை மாற்றிய பிறகு செயலியில் பூஜ்யம் தெரிந்தால் பதற வேண்டாம். உற்பத்தி நடந்துகொண்டேதான் இருக்கும், டாங்கிளுக்குப் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும். இன்வெர்ட்டரிலேயே சிறு திரை இருந்தால் இதை உடனே உறுதி செய்துகொள்ளலாம் என்பதால், திரை இல்லாத மாடலை வாங்குபவர்கள் இணையம் இல்லாமல் அருகில் நின்று கைபேசியில் பார்க்கும் வழி உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

2025 மார்ச்சில் ஃபோர்ஸ்கவுட் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், சன்குரோ, குரோவாட், எஸ்எம்ஏ ஆகிய மூன்று நிறுவனங்களின் சோலார் சாதனங்களிலும் இணைய சேவைகளிலும் 46 பாதுகாப்புக் குறைகளைக் கண்டறிந்து வெளியிட்டது. இப்படிக் குறை வெளிவந்ததும் நிறுவனம் எவ்வளவு விரைவாகத் திருத்தம் அனுப்புகிறது, அந்தத் திருத்தம் தானாக ஏறுமா, டெக்னீஷியன் வந்துதான் ஏற்ற வேண்டுமா என்பதும் ஒப்பீட்டுப் பட்டியலில் இருக்க வேண்டும். பொருத்துபவர் முதலில் வைத்துவிட்டுப் போகும் கடவுச்சொல்லை அவர் கிளம்பிய அன்று மாலையே மாற்றிவிடுங்கள்.