முன்பின் தெரியாதவர் வீட்டு சோபாவில் தங்கிப் பயணிப்பது: முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

போகிற ஊரில் யாரோ ஒருவர் வீட்டு சோபாவிலோ, தரையில் விரித்த மெத்தையிலோ இரண்டு இரவு தங்கிக்கொள்ளலாம். காசு கைமாறாது. ஆனால் அவருடைய மாலை நேரத்தில் நீங்கள் பங்கு கேட்கிறீர்கள். இதை மனதில் வைத்தால் கீழே சொல்வதெல்லாம் தானாகப் புரியும். ஓசி லாட்ஜ் தேடுபவர்களுக்குப் பெரும்பாலும் பதிலே வருவதில்லை.

1. தளம்

இப்படி இடம் தருபவர்களைத் தேட உதவும் கவுச்சர்ஃபிங் இணையதளம் 2004-ல் தொடங்கியது. ஆட்கள் அதிகம், ஆனால் 2020 முதல் பல நாடுகளில் கட்டணம் கேட்கிறார்கள். பிவெல்கம், டிரஸ்ட்ரூட்ஸ் இரண்டும் தன்னார்வலர்கள் நடத்தும் இலவசத் தளங்கள். சைக்கிளில் சுற்றுபவர்களுக்கென்றே வார்ம்ஷவர்ஸ் இருக்கிறது. 1949-ல் தொடங்கிய சர்வாஸ் என்ற அமைப்பில் நேர்காணல் முடிந்துதான் சேர்ப்பார்கள், அதனால் நாள் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள்.

2. ப்ரொஃபைல்

முகம் தெளிவாகத் தெரியும் படங்கள் நாலைந்து போடுங்கள். கூலிங் கிளாஸும் கூட்டத்தோடு எடுத்த படமும் மட்டும் இருந்தால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். என்ன வேலை, என்னென்ன மொழி பேசுவீர்கள், புகைப்பீர்களா, நாய் பூனை ஒத்துக்கொள்ளுமா என்பதையும் எழுதுங்கள்.

புதியவர்களுக்குப் பெரிய முட்டுக்கட்டை ரெஃபரன்ஸ், அதாவது உங்களோடு பழகியவர்கள் உங்களைப் பற்றித் தளத்தில் எழுதும் கருத்து, இல்லாததுதான். உங்களை நேரில் அறிந்த நண்பர்கள் அதே தளத்தில் இருந்தால் எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்கு வரும் பயணி யாரையாவது ஒரு மாலை சந்தித்து ஊரைச் சுற்றிக்காட்டுங்கள். இரண்டு மூன்று சேர்ந்த பிறகு கேட்டால் பதில் வரும் வாய்ப்பு கூடும்.

3. வீட்டுக்காரரைப் படிப்பது

இதற்கு நேரம் செலவிடுங்கள், பாதுகாப்பு பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. எதிர்மறை ரெஃபரன்ஸை முதலில் படியுங்கள். ‘வீடு சுத்தமில்லை’ என்பது வேறு, ‘சொன்னதற்கு மாறாக ஒரே படுக்கைதான் இருந்தது’ என்பது வேறு. இரண்டாவது வகை ஒன்றே ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். பாராட்டுகளிலும் யார் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எழுதியவர்கள் எல்லாரும் தனியாக வந்த இளம்பெண்களாக இருந்தால், ஆண்களையோ ஜோடிகளையோ அவர் ஏன் ஏற்கவில்லை என்று யோசிக்க வேண்டும்.

படுக்கை எங்கே என்பதும் எழுதியிருக்கும்: தனி அறையா, கூடமா, அவருடைய அறையிலேயேவா. தெளிவில்லையென்றால் நேராகக் கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குச் சிடுசிடுப்பவர் வீடு வேண்டாம்.

4. கோரிக்கைக் கடிதம்

ஒன்று முதல் மூன்று வாரம் முன்பு அனுப்புங்கள். இரண்டு மாதம் முன்பே கேட்டால் அவருக்கே தன் திட்டம் தெரியாது. ஒரு நேரத்தில் ஐந்தாறு பேருக்குத் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு ஒட்டி அனுப்பினால் பார்த்ததுமே தெரிந்துவிடும். சிலர் ப்ரொஃபைலின் நடுவில் ஒரு சொல்லை ஒளித்துவைத்து, கோரிக்கையில் அதைக் குறிப்பிடச் சொல்லியிருப்பார்கள். கடைசி வரை படித்தவர் கண்ணுக்குத்தான் அது படும்.

இப்படி எழுதலாம்:

*“வணக்கம். 14-ம் தேதி மாலை 6 மணிக்கு வந்து 16-ம் தேதி காலை கிளம்புகிறேன், இரண்டு இரவு. பழைய ரேடியோக்களைப் பழுதுபார்ப்பீர்கள் என்று படித்தேன். எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ பேச்சில்லாமல் கிடக்கிறது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்க ஆசை. ஸ்லீப்பிங் பேக் கொண்டுவருகிறேன், தரையே போதும். பகலில் வெளியே இருப்பேன். வசதிப்படாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.”*

தேதியும் நேரமும் முதல் வரியிலேயே வந்துவிட்டன. ரேடியோ வரி, இவருக்கென்றே எழுதியது என்று காட்டுகிறது. கடைசி வரி மறுக்க இடம் தருகிறது, அதனாலேயே சரி என்று சொல்வது அவருக்குச் சுலபமாகிறது.

முதல்முறை இரண்டு இரவுக்கு மேல் கேட்காதீர்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது இதற்கும் பொருந்தும். ஒருவர் ஒப்புக்கொண்டதும் மற்றவர்களுக்கு எழுதிய கோரிக்கைகளை ரத்து செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்காக யாராவது ஒருவர் இடம் ஒதுக்கிக் காத்திருப்பார்.

5. கிளம்புமுன்

- ஒரு இரவு விடுதியில் தங்கும் அளவு பணம் தனியாக இருக்கட்டும். கடைசி நேரத்தில் ‘தங்கவைக்க முடியாது’ என்று வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வருவது சகஜம். வீடு மனதுக்குச் சரியாகப் படாவிட்டால் உடனே வெளியேறவும் அந்தப் பணம்தான் துணை.
- வீட்டுக்காரரின் பெயர், முகவரி, ப்ரொஃபைல் இணைப்பை நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவையுங்கள்.
- வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். தாமதமானால், தாமதம் தெரிந்த நிமிடமே செய்தி அனுப்புங்கள்.
- குடியேற்றப் படிவத்தில் தங்கும் முகவரி கேட்கக்கூடும். அவர் முகவரியை எழுதலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. வீட்டில்

முதல் பத்து நிமிடத்தில் நான்கு கேள்விகள்: சாவி உண்டா, நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், காலையில் குளியலறை எப்போது காலி, சமையலறையில் எதைத் தொடலாம். மனஸ்தாபங்களில் முக்கால்வாசி இவற்றைக் கேட்காததால் வருவதுதான்.

கூடத்தில் படுத்தால் பையைச் சுவரோரம் மூடியே வையுங்கள். எழுந்ததும் போர்வையை மடித்து, தலையணையை அதன்மேல் வைத்து, சோபாவைப் பழையபடி ஆக்கிவிடுங்கள். அது அவர்கள் உட்காரும் இடம். பணம் நீட்டாதீர்கள், சங்கடப்படுத்தும். ஒரு வேளை சமைத்து, பாத்திரத்தையும் நீங்களே கழுவிவைத்தால் போதும்.

7. ரெஃபரன்ஸ்

கிளம்பிய இரண்டு மூன்று நாளில் எழுதிவிடுங்கள். ‘அருமையான மனிதர்’ என்பது அடுத்து வருபவருக்கு உதவாது. ‘கூடத்தில் தனி சோபா, ஆறடி ஆள் கால் நீட்டலாம், இரண்டு பூனைகள் இரவில் மேலே ஏறும், காலை 8 மணிக்கு அவரோடு கிளம்பிவிட வேண்டும்’ என்று எழுதுங்கள். அத்துமீறல் ஏதேனும் நடந்திருந்தால் பூசி மெழுகாமல் நடந்ததை நடந்தபடி எழுதி, தளத்துக்கும் புகார் அனுப்புங்கள். அடுத்த வாரமே இன்னொருவர் அந்த வீட்டுக்குக் கோரிக்கை எழுதிக்கொண்டிருக்கலாம்.