வேலையில் மனம் நிற்கப் பின்னணி இசை: தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீட்டில் இருந்தபடியே கணினியில் வேலை பார்ப்பவர்கள் இப்போது பலர். ஒருவர் கணக்கு எழுதுகிறார், ஒருவர் வெளிநாட்டு நிறுவனத்துக்குப் படம் திருத்திக் கொடுக்கிறார், பக்கத்து அறையில் தங்கச்சி ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். காதில் ஹெட்செட், அதில் பெரும்பாலும் சினிமாப் பாட்டு. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன், இசையோடுதான் செய்கிறேன். ஆனால் பாட்டுக் கேட்பது வேறு, வேலைக்குப் பின்னால் இசையை ஓடவிடுவது வேறு. பின்னதற்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு போனும் சாதாரண ஹெட்செட்டும் போதும்.

படி 1: வேலையை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். ஒரு பக்கம், மனதுக்குள் சொல்லோ எண்ணோ ஓடும் வேலைகள்: வாசிப்பது, எழுதுவது, மனப்பாடம் செய்வது, தொகைகளை நினைவில் வைத்துக் கூட்டுவது. மறுபக்கம், கை பழகிவிட்ட வேலைகள்: படத்தின் பின்னணியை வெட்டுவது, கோப்புகளை ஒழுங்குபடுத்துவது, தையல். இரண்டாவது பக்கத்துக்குப் பிடித்த பாட்டையே போடலாம், அலுப்புத் தெரியாது. கீழே வருவதெல்லாம் முதற்பக்கத்துக்கானது.

படி 2: முதலில் உங்கள் இடத்தைக் கேளுங்கள்

வழக்கமாக வேலை செய்யும் நேரத்தில், வழக்கமான இடத்தில், எதையும் போடாமல் பத்து நிமிடம் இருங்கள். காதில் விழுவதை எழுதுங்கள். பேன் சத்தமும் தூரத்துக் கடல் இரைச்சலும் மட்டும்தான் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். கடினமான வாசிப்புக்கு அந்த அமைதியை விடச் சிறந்த இசை கிடையாது. ஒரே மாதிரி ஓடும் சத்தத்தை மனம் சீக்கிரம் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். தொல்லை தருவது மாறிக்கொண்டே இருக்கும் சத்தம்: முற்றத்துப் பேச்சு, பக்கத்து வீட்டு ரிவி, வைகாசிச் சடங்கு நாட்களில் கோயில் ஒலிபெருக்கி. இப்படியானவை உங்கள் தாளில் இருந்தால்தான் அவற்றை மூடிமறைக்க இசை தேவை.

படி 3: சொல்லை அகற்றுங்கள்

இதுதான் முக்கியமான படி. 1976இல் கோல், வெல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள், எழுத்துகளை நினைவில் வைத்து வரிசையாகத் திருப்பிச் சொல்லும் வேலையை மாணவர்களுக்குக் கொடுத்து, பின்னணியில் அவர்களுக்குப் புரியாத ஜெர்மன் வாசிப்பை ஓடவிட்டார்கள். புரியாத பேச்சே நினைவைக் குழப்பியது. 1989இல் சலாமே, பாட்லி இருவரும் இசையை வைத்துப் பார்த்தார்கள். பாடலோடு வந்த இசை, வாத்திய இசையை விட அதிகம் குழப்பியது. பேச்சின் ஒலியளவைக் குறைத்தாலும் இந்த இடையூறு பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே "மெதுவாகத்தானே போட்டிருக்கிறேன்", "ஹிந்திப் பாட்டுத்தானே, எனக்கு விளங்காதே" என்ற இரண்டு சமாதானமும் சரிவராது. குரல் இருந்தால் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்.

நம்மவர்கள் அடிக்கடி சிக்கும் இன்னொரு இடம் இருக்கிறது. "குரல் வேண்டாம்" என்றதும் சினிமாப் பாட்டுகளைப் புல்லாங்குழலிலோ கீபோர்டிலோ வாசித்த தொகுப்பைத் தேடுவோம். அந்தப் பாட்டு உங்களுக்கு மனப்பாடம் என்றால் குழல் மெட்டைத் தொடங்க, வரிகளை மனது பாடிவிடும். கர்நாடக வாத்தியக் கச்சேரியிலும் இதே சங்கதிதான், பழகிய கீர்த்தனை வந்தால் வாய் முணுமுணுக்கும். பல பாண் ஓட்டோக்களில் ஒலிக்கும் மெட்டு பீத்தோவனின் பியானோ இசை. அதில் ஒரு சொல்லும் இல்லை, ஆனாலும் அது கேட்டதும் நமக்குச் சூடான பாண் நினைவு வருகிறது. எனவே சோதனை எளிது: ஒரு நிமிடம் கேளுங்கள். வாய் அசைந்தாலோ எதாவது ஞாபகம் வந்தாலோ அந்தத் துண்டு வேலைக்கு வேண்டாம், மாலையில் வைத்துக் கேளுங்கள்.

படி 4: என்ன வைக்கலாம்

என் முதல் தெரிவு தம்புராச் சுருதி, அதாவது பாட்டுக்குப் பின்னால் இடைவிடாமல் ஒலிக்கும் ஆதார ஒலி. பாட்டுப் பயிலும் பிள்ளைகள் வைத்திருக்கும் சுருதி ஆப் எதிலும் இது உண்டு. மாறாமல் ஓடும், ஆனால் பேன் இரைச்சல் போல வறட்சியாக இருக்காது. கட்டையை, அதாவது சுருதியின் உயரத்தை, உங்களுக்கு இதமானதாக வைத்து ஓடவிடுங்கள்.

அடுத்தது வீணையிலோ வயலினிலோ ராக ஆலாபனை, அதாவது ஒரு ராகத்தை மெல்ல விரித்து வாசிப்பது. பாட்டு வரி இல்லை, தாளமும் இல்லை, சொல் நினைவுக்கு வர வழியில்லை. ஆலாபனையை அடுத்து வாசிக்கும் தானம் என்ற பகுதி வீணையில் சீரான துடிப்போடு போவதால் மதியத் தூக்கத்தை விரட்ட நல்ல மருந்து. கச்சேரிப் பதிவில் கைதட்டலும் அறிவிப்பும் திடீரென்று வரும், ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்ததையே எடுங்கள். நாதஸ்வரமும் தவிலும் திறந்த வீதிக்கு அழைக்கும் வாத்தியங்கள். அவற்றை அறைக்குள் வைத்து அடக்கப் பார்ப்பது அவற்றுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

யாழ் என்ற பழைய வாத்தியத்தைப் பற்றி ஒரு பெருநூல் எழுதியவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அந்த மண்ணில் இருந்துகொண்டு நம் போன்களில் பாட்டு மட்டுமே நிறைந்திருப்பது எனக்கு வருத்தம். வேலைக்காகவாவது தனி வாத்தியம் கேட்கத் தொடங்கினால் மகிழ்வேன்.

மொசார்ட் கேட்டால் மூளை கூர்மையாகும் என்று சொல்லி யாராவது தொகுப்பு அனுப்புவார்கள். அந்தப் பேச்சுக்கு அடிப்படை 1993இல் வந்த ஓர் ஆய்வு. 36 மாணவர்கள் பத்து நிமிடம் இசை கேட்டார்கள், கேட்டு முடித்த பிறகு வடிவங்கள் பற்றிய சோதனை எழுதினார்கள். பலன் கால் மணித்தியாலத்துக்கு மேல் நிற்கவில்லை. வேலை செய்யும்போது பின்னால் ஓடும் இசை பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

படி 5: கடலை நீங்களே பதிவு செய்யுங்கள்

பேச்சுச் சத்தத்தை மறைக்க அலையும் மழையும் நல்லவை. கல்லடிக் கடற்கரையிலோ திருக்கோவிலிலோ அதிகாலையில் போனை ஒரு மெல்லிய துணியால் சுற்றி, கரையில் இருந்து கொஞ்சம் தள்ளி வைத்து அரை மணித்தியாலம் பதியுங்கள். துணி இல்லாவிட்டால் காற்று மைக்கில் மோதிப் படபடக்கும். பாசிக்குடா இதற்குச் சரிவராது, அங்கே கடல் அவ்வளவு அமைதி. மாரி மழை தகரக் கூரையில் விழும்போது ஒருதரம் பதிந்து வைத்தால் வெயில் காலத்துக்கும் உதவும்.

படி 6: சத்தத்தை அளவாக வையுங்கள்

ஒரு கை தூரத்தில் இருப்பவர் சாதாரணமாகக் கூப்பிட்டால் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் குறையுங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணித்தியாலம் வரைதான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். முழுநேர வேலைக்காரர் அந்த நேரத்தை எளிதில் தொட்டுவிடுவார், ஆகவே அதற்கு நன்றாகக் கீழேயே நில்லுங்கள்.

படி 7: பட்டியலைத் தரவிறக்கி வையுங்கள்

யூடியூபில் நேரடியாக ஓடவிட்டால் நடுவே விளம்பரம் கத்தும், அடுத்தது என்ன வரும் என்பதும் உங்கள் கையில் இல்லை. 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணித்தியால ஒலி ஏறக்குறைய 58 எம்.பி. தான். ஒருதரம் இறக்கி வைத்தால் டேட்டாவும் மிச்சம். ஒரு பட்டியல் 45 நிமிடம் போதும். முடிந்ததும் தானாக நிற்கட்டும், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். பாங்கு நேரத்தில் நிறுத்துபவர்கள் லுஹருக்கும் அஸருக்கும் இடையில் எத்தனை பட்டியல் அடங்கும் என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். வட்ஸ்அப் அறிவிப்பு ஒலியை அணைக்க மறக்க வேண்டாம்.

படி 8: ஒரு வாரம் சோதியுங்கள்

ஒரே மாதிரி வேலையை ஒருநாள் இசையோடும் மறுநாள் இல்லாமலும் செய்யுங்கள். எத்தனை பக்கம் முடிந்தது, எத்தனை பிழை திருத்தினீர்கள் என்று இரண்டையும் குறித்து வையுங்கள். இசையோடு வேலை இனிமையாகப் போனதாகத் தோன்றினாலும் பிழை கூடியிருந்தால் தாளில் உள்ளதையே நம்புங்கள். அப்போது முதலில் ஆலாபனையை எடுத்துவிட்டுச் சுருதியை மட்டும் வைத்து இன்னொரு வாரம் பாருங்கள். அதிலும் பிழை குறையாவிட்டால் அந்த வேலைக்கு இசை வேண்டாம், பேன் சத்தமே போதும்.