ஏர் ஸ்பிரிங் மாடல்: எந்த அழுத்தத்தை எங்கே போடுவது?

இரும்புச் சுருளின் விறைப்பை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். பேருந்து, ரயில் பெட்டிகளைத் தாங்கும் ஏர் ஸ்பிரிங், அதாவது அழுத்திய காற்று அடைத்த ரப்பர் பை, அப்படி இல்லை. மெதுவாக அமுக்கினால் ஒரு விறைப்பு, சட்டென்று அமுக்கினால் வேறொரு விறைப்பு. நியூட்டனின் இரண்டாம் விதியும் கொஞ்சம் வகைநுண்கணிதமும் தெரிந்தால் போதும், அதன் கணித மாடலைத் தொடங்கிவிடலாம்.

கருவி என்று கேட்டால், முதல் நாள் எக்செல், அப்புறம் பைத்தானும் அதன் கணித நூலகமான சைபையும். சிமுலிங்க் என்ற மாடலிங் மென்பொருளில் தயாராகக் கிடைக்கும் வாயு பிளாக்குகளை முதல் மாடலில் தொடாதீர்கள். விடை வரும், ஆனால் ஏன் வந்தது என்று தெரியாது.

படி 1: தாங்கும் விசை

விசை = கேஜ் அழுத்தம் × பயனுறு பரப்பு. கேஜ் அழுத்தம் என்பது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் உள்ளது மட்டும்.

பயனுறு பரப்பு என்பது பெல்லோஸின், அதாவது அந்த ரப்பர் பையின், விட்டத்தை டேப்பால் அளந்து எடுப்பதல்ல. விசையைக் கேஜ் அழுத்தத்தால் வகுத்தால் வருவது. தயாரிப்பாளர் தரும் சுமை–உயர வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு உதாரணம்: ஸ்பிரிங் மேல் 1,500 கிலோ, பரப்பு 0.03 சதுர மீட்டர். தேவைப்படும் கேஜ் அழுத்தம் சுமார் 4.9 பார்.

படி 2: விறைப்பு (நான் வழுக்கி விழுந்த இடம்)

விறைப்புக்கு இரண்டு பங்கு உண்டு. இதில் வரும் பாலிட்ரோப்பிக் எண், அமுங்கும்போது காற்றிலிருந்து வெப்பம் எவ்வளவு வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தது. அது படி 3-இல்.

முதல் பங்கு = பாலிட்ரோப்பிக் எண் × முழு அழுத்தம் × பரப்பின் வர்க்கம் ÷ கனஅளவு.
இரண்டாம் பங்கு = கேஜ் அழுத்தம் × அமுங்கும்போது பரப்பு மாறும் வீதம்.

முதல் பங்கில் வருவது முழு அழுத்தம், அதாவது கேஜ் அழுத்தத்தோடு வளிமண்டலத்தின் 1.013 பாரையும் கூட்டியது. நான் இரண்டு இடத்திலும் கேஜையே போட்டிருந்தேன். மாடல் சோதனையில் கண்டதைவிட மெதுவாக ஆடியது. இரண்டு நாள் ரப்பரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மேலே உள்ள உதாரணத்தில் கனஅளவு 9 லிட்டர், பாலிட்ரோப்பிக் எண் 1.38, பரப்பு மாறவில்லை என்று வைத்துப் பாருங்கள். முழு அழுத்தம் 5.92 பார். விறைப்பு மீட்டருக்குச் சுமார் 81,700 நியூட்டன், இயல்பு அதிர்வெண் 1.17 ஹெர்ட்ஸ். கேஜைப் போட்டால் 67,700 நியூட்டன், 1.07 ஹெர்ட்ஸ். இரண்டுமே நம்பும்படியான எண்கள், அதனால்தான் தவறு கண்ணில் படுவதில்லை. விசைக்குக் கேஜ், வாயு விதிக்கு முழு அழுத்தம். நிரலில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள், வெறும் ‘அழுத்தம்’ என்ற மாறியே வேண்டாம்.

இதே சூத்திரத்தில் சுமையைப் பாதியாக்கிப் பாருங்கள். உயரக் கட்டுப்பாட்டு வால்வு காற்றை வெளியேற்றி அதே உயரத்தைக் காக்கும், கனஅளவு மாறாது. அதிர்வெண் 1.27 ஹெர்ட்ஸுக்குத்தான் ஏறும். இரும்புச் சுருளாக இருந்தால் 1.66 வரை போயிருக்கும். பேருந்துகளில் ஏர் ஸ்பிரிங் போடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 3: பாலிட்ரோப்பிக் எண்

மிக மெதுவான அசைவில் வெப்பம் வெளியேற நேரம் கிடைக்கும், எண் 1. வேகமான அசைவில் நேரம் கிடைக்காது, எண் 1.4-ஐ நெருங்கும். சாலை அதிர்வுக்கு 1.3-க்கும் 1.4-க்கும் இடையில் ஒன்றை எடுத்துத் தொடங்கலாம். எண் 1 என்றால் நம் உதாரணம் சரியாக 1.0 ஹெர்ட்ஸில் ஆடும். வித்தியாசம் சின்னதில்லை, பாருங்கள்.

படி 4: நேரத்தில் ஓட்டுவது

கனஅளவு = தொடக்கக் கனஅளவு − பரப்பு × அமுக்கம். அழுத்தம் × கனஅளவின் பாலிட்ரோப்பிக் அடுக்கு மாறாது என்ற விதியிலிருந்து அழுத்தம், அதிலிருந்து விசை, விசையிலிருந்து முடுக்கம். முதல் ஓட்டத்தில் 1 மில்லிமீட்டர் மட்டும் அசைத்து, படி 2-இன் அதிர்வெண் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மேலே போகாதீர்கள். ஷாக் அப்சார்பரைத் தனி விசையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 5: துணைத் தொட்டி

ஸ்பிரிங்கோடு இன்னொரு 9 லிட்டர் தொட்டியைச் சிறு துளை வழியாக இணைத்தால், மெதுவான அசைவில் இரண்டு கனஅளவும் சேர்ந்து வேலை செய்யும், அதிர்வெண் 0.83 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். வேகமான அசைவில் காற்றுக்குத் துளையைக் கடக்க அவகாசம் இல்லை, தொட்டி இல்லாதது போலவே நடக்கும். இடைப்பட்ட அதிர்வெண்களில் துளையில் ஆற்றல் கரைகிறது, அதுவே தணிப்பு. இணைப்பு நீளமான குழாய் என்றால் உள்ளே ஓடும் காற்றின் நிறையையும் சேர்க்கவேண்டும். ரயில் பெட்டிகளுக்கான மாடல்களில் இது வழக்கம்.

பின்சேர்க்கை: படி 5-இல் கணினி நகரவே மாட்டேன் என்கிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். துளை வழி ஓட்டம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வேறுபாடு பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் அந்த வளைவின் சாய்வு முடிவிலியாகிவிடும். சைபை நேரப்படியைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. வேறுபாடு 1,000 பாஸ்கலுக்குக் கீழே இருந்தால் வர்க்கமூலத்துக்குப் பதில் நேர்கோடு போடுங்கள், இரண்டும் எல்லையில் ஒட்டும்படி. சைபையில் இயல்பாக வரும் தீர்க்கும் முறையான ஆர்கே45-க்குப் பதிலாக ராடா என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். வேறுபாட்டின் குறியைத் தனியாகப் பெருக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் காற்று ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும்.

இன்னொன்று: மிகச் சிறு அசைவில் உண்மையான ஸ்பிரிங் மாடலைவிட விறைப்பாகத் தெரிந்தால், அது பெல்லோஸ் ரப்பரின் உராய்வு. இந்த முறை ரப்பரைத் திட்டலாம்.