பச்சையா பேசுற டீன் காமெடி படங்கள எங்கருந்து ஆரம்பிக்கலாம்

இந்த டைப் ஹாலிவுட் படங்கள லிஸ்ட் போட்டு வரிசையா பாத்தா மூணாவது படத்துலயே சலிச்சுடும், எல்லாத்துலயும் அதே பார்ட்டி, அதே வாந்தி. நான் சொல்றது வேற ரூட்டு, ஒரு நடிகர புடிச்சுக்கிட்டு அவர் பின்னாடியே போங்க.

ஆரம்பம் 2007ல வந்த சூப்பர்பேட். சேத் ரோகனும் இவான் கோல்ட்பெர்க்கும் 13 வயசுல எழுத ஆரம்பிச்ச கதை, ஹீரோ ரெண்டு பேருக்கும் அவங்க பேரே வெச்சிருப்பாங்க. படம் எடுக்குறதுக்குள்ள ரோகனுக்கு வயசாயிடுச்சு, அதனால அவர் போலீஸ் வேஷத்துக்குப் போயிட்டாரு, சேத்தா ஜோனா ஹில் நடிச்சாரு. சரக்கு வாங்குறதுக்காக ஒருத்தன் போலி ஐடி கார்டு கொண்டு வர்ற சீன் வரும்போது போன நோண்டாதீங்க. கார்டுல ஊரு ஹவாய், வயசு 25, பேரு வெறும் மெக்லவின், முன்னாடியும் ஒண்ணும் இல்ல பின்னாடியும் ஒண்ணும் இல்ல. கூட்டாளிங்க ரெண்டு பேரும் தலைல அடிச்சுக்கிறாங்க, கொண்டு வந்தவன் மட்டும் ஏதோ சாதிச்ச மாதிரி நிக்கிறான் பாருங்க, அந்த மூஞ்சிதான் காமெடியே. கெட்ட வார்த்தை படம் பூரா இருக்கு, ஆனா கடைசில எஸ்கலேட்டர்ல பிரியும்போது ஒருத்தன் திரும்பிப் பாப்பான், அங்க எனக்கு தொண்டை அடைச்சுது (சிரிக்காதீங்க).

நடிகர் பின்னாடி போறத அப்புறம் தொடரலாம், நடுவுல அமெரிக்கன் பை, 1999. எல்லாரும் ஸ்டிஃப்லரா வர்ற ஷான் வில்லியம் ஸ்காட்டுக்காக பாப்பாங்க, நீங்க ஹீரோவோட அப்பாவா வர்ற யூஜின் லெவிய பாருங்க. மகன் கூனிக்குறுகி உக்காந்திருப்பான், இவரு திட்டவே மாட்டாரு, அந்தப் பெரிய புருவத்தத் தூக்கிக்கிட்டு அன்பா அட்வைஸ் பண்ணுவாரு, அதுக்கு ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட பையன் நிம்மதியா இருந்திருப்பான்.

பழசு பாக்கணும்னா 1982ல வந்த ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை போதும், எடுத்தது ஏமி ஹெக்கர்லிங்னு ஒரு பெண் டைரக்டர், அந்த வித்தியாசம் படத்துல தெரியும். போதைல மிதக்குற ஸ்பிகோலியா ஷான் பென், கூட்டத்துல ஓரமா நிக்கோலஸ் கேஜ், டைட்டில்ல நிக்கோலஸ் கப்போலான்னு வரும். அந்தக் காலத்து மத்த படங்கள்ல பாதி, பொண்ணுங்கள ஒளிஞ்சு பாக்குறதத்தான் காமெடின்னு நினைச்சுது, எனக்கு இப்ப உக்காந்து பாக்க முடியல, நீங்களும் தாண்டிப் போலாம்.

திரும்ப சூப்பர்பேடுக்கு வாங்க. எம்மா ஸ்டோனுக்கு அதான் முதல் படம், அந்த நூல புடிச்சா 2010ல ஈஸி ஏ. ஜோனா ஹில்ல புடிச்சா அவரு தங்கச்சி பீனி ஃபெல்ட்ஸ்டைன் நடிச்ச புக்ஸ்மார்ட், 2019. ரெண்டு படிப்பாளி பொண்ணுங்க ஒரே ராத்திரில ஆட்டம் போடப் பாக்குறது, டைரக்டர் ஒலிவியா வைல்டுக்கு முதல் படம். அதுவும் புடிச்சிருந்தா பாட்டம்ஸ், 2023, ரேச்சல் செனட்டும் அயோ எடபிரியும் நடிச்சது.

ரேட்டிங் விஷயம் மறந்துட்டேன். ஈஸி ஏ தவிர இதெல்லாம் அமெரிக்கால ஆர், 17 வயசுக்குக் கீழ இருந்தா பெரியவங்க கூட வந்தாதான் தியேட்டர்ல உள்ள விடுவாங்க. அன்ரேட்டட்னு இன்னொரு வெர்ஷன் கண்ணுல பட்டா முதல் தடவை அத எடுக்காதீங்க, வெட்டினதத் திரும்ப ஒட்டினா டைமிங் போயிடும். டப்பிங் வேணாம், சப்டைட்டில் போடுங்க, அப்புறம் ஹெட்ஃபோன் ப்ளூடூத் கனெக்ட் ஆகிடுச்சான்னு ரெண்டு தடவ செக் பண்ணிட்டு ப்ளே அமுக்குங்க, நான் ஒரு தடவதான் செக் பண்ணேன்.